ஒரே வீடு, ஒரே விலாசம்

...அதான் சொல்றேன், நான் எதையும் தொடல. முதல்லயே சொல்லிடறேன் தம்பி, அப்புறம் யாரும் என் தலையை உருட்டக் கூடாது. அந்த நெட் பெட்டியை அலமாரி மேல எப்படி வெச்சுட்டுப் போனாங்களோ அப்படியேதான் இருக்கு. லைட்டைப் பாருங்க. பச்சை, பச்சை, இன்னொரு பச்சை... அது ஒண்ணு மட்டும் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு. நல்ல குடும்பத்துல இருக்கிற பெட்டி இப்படியா கண்ணடிக்கும்?... என்ன, கண்ணடிச்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தமா? சரி, அடிக்கட்டும். உக்காருங்க. தம்பின்னு கூப்பிடறேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. தலை முன்பக்கம் கொஞ்சம் காலியா இருந்தாலும் எனக்கு நீங்க தம்பிதான். ஐயோ, அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். சரி பண்றேன் சரி பண்றேன்னு பெரியவன்... அதை விடுங்க.

நீங்க மூணாவது ஆளு. உங்களுக்கு முன்னாடி வந்தவர் என்ன பண்ணார்? பெட்டியை அணைச்சார், கொஞ்ச நேரம் சுவத்தைப் பாத்தார், திரும்பப் போட்டார், கிளம்பிட்டார். அணைச்சுப் போடறதுக்கு ஒரு படிப்பு வேணுமா? எங்க வீட்டுக்காரரே பண்ணுவாரே. அதோ, சன்னல் பக்கம் பேப்பரும் கையுமா இருக்காரே, அவர்தான். வணக்கம் சொல்லாதீங்க, போய்ச் சேராது. காது நல்லாத்தான் இருக்கு, நான் பேசறது மட்டும் விழாது. டாக்டரே சொல்லிட்டார்.

உங்க போனை ஏன் மேஜை மேல வெச்சிட்டீங்க? ஏதோ சோதனையா? சரி சரி, வெச்சுக்கோங்க. உங்க வேலையை நீங்க பாருங்க, நான் பாட்டுக்கு விஷயத்தைச் சொல்றேன். எங்களுக்கு ரெண்டு பசங்க. பெரியவன் குடும்பம் கீழ எங்ககூட, சின்னவனும் அவன் பொண்டாட்டியும் மாடியில. ஒரே வாசல், ஒரே அடுப்பு. எல்லாரும் காலையில வேலைக்குப் போயிடுவாங்க, சின்ன மருமகளுக்கு மட்டும் வீட்டுலேர்ந்தே வேலை. மேல உக்காந்துக்கிட்டு எந்தெந்த நாட்டுக்காரங்ககூடவோ பேசுவா. நல்ல பொண்ணுதான். நல்ல பொண்ணு இல்லன்னு நான் சொல்லல. ஆனா அவ பேசிக்கிட்டே இருக்கிறப்ப நெட் போயிடுதாம். தெனமும். வாயைத் திறந்தபடி அப்படியே உறைஞ்சு நிக்கறாளாம், அந்தப் பக்கம் பத்துப் பேரு அதைப் பாத்துக்கிட்டு இருக்காங்களாம். உங்க வீட்டுல என்னதான் நடக்குதுன்னு மேனேஜரு கேட்டுட்டாராம். வேலை போயிடும்னு அழறா. அது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரி இல்ல.

ஆனா பழியைக் கொண்டுவந்து எங்க போடறா தெரியுமா? 'அத்தை டிவி போட்டாலே எனக்கு நெட் போயிடுது'ங்கறா. கேட்டீங்களா இந்த அநியாயத்தை? மத்தியானம் நான் ரெண்டு சீரியல் பாக்கறது பொறுக்கல. நேராச் சொல்ல முடியல, நெட்டு மேல வெச்சுச் சொல்றா. டிவி கீழ இருக்கு, அவ மாடியில இருக்கா. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டா எப்படி... உங்களைச் சொல்லல தம்பி, பழமொழியைச் சொன்னேன்.

சின்னவன் அம்மா பேச்சைக் கேட்டானா? இல்லையே. 'இன்னைக்கு வர்றவரும் சரி பண்ணலன்னா சாயங்காலம் நாங்க வீடு பாக்கப் போறோம்மா'ன்னுட்டுப் போயிருக்கான். எங்கயோ ரெண்டு ரூம் வீடாம், தனி லைனு ஏற்கெனவே இருக்காம். இன்னைக்குத் தனி லைனும்பான், நாளைக்குத் தனி அடுப்பும்பான். நேத்துலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. மேல நடக்கிற காலடிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்து பழகிட்டேன் தம்பி. அது நின்னுபோச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? இவரோட பேப்பர் புரட்டற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கவா?

எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. தபால் ஆபீஸ்ல முப்பது வருஷம் விலாசம் பாத்துக் கடுதாசியைத் தெருவாரியாப் பிரிச்சவ நான். முதமுதல்ல லைன் போட வந்தாரே ஒருத்தர், வாய் நிறையப் பேசுவார், பல்லு ஒண்ணு தங்கம், அவர்கிட்ட எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். கேட்டுட்டு எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒரு கடுதாசி அனுப்பறதுன்னா நாம என்ன பண்ணுவோம், மடிச்சு உறையில போட்டு ஒட்டுவோம். இந்த நெட்டுக்காரங்க அதைத் துண்டு துண்டா நறுக்கி, துண்டுக்கு ஒரு நம்பர் போட்டு, ஒவ்வொண்ணையும் கிடைச்ச வழியில அனுப்புவாங்களாம். கடைசித் துண்டு முன்னாடி வருமாம், முதல் துண்டு ஊரைச் சுத்திட்டுப் பின்னாடி வருமாம். அந்தப் பக்கம் உக்காந்து அடுக்கிக்கணுமாம். வந்ததுக்கெல்லாம் 'வந்துச்சு'ன்னு பதில் போடணுமாம், பதில் வரலன்னா இவங்க திரும்ப அனுப்பணுமாம். எங்க ஆபீஸ்ல எவனாவது இப்படிக் கடுதாசியை நறுக்கியிருந்தா அன்னைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

ஆனா ஒண்ணு... அந்த 'வந்துச்சு'ன்னு பதில் போடறது நல்ல பழக்கம். இந்த வீட்டுல யாருக்கும் அது கிடையாது. சாப்பிட வாங்கன்னு நான் குரல் கொடுத்தா ஒரு பதில் வராது. திரும்ப அனுப்பணும். மூணாந் தரம் அனுப்பினா, 'கேக்குதும்மா, ஏன் கத்தறே'ன்னு வரும். கேட்டுச்சுன்னா முதல்லயே சொல்லித் தொலைக்கிறது! இன்னொரு வகை இருக்காம், படம் காட்டிப் பேசறாங்களே, அதுக்கு. அது பதிலே எதிர்பாக்காதாம். போனாப் போச்சு, வந்தா வந்துச்சுன்னு கொட்டிக்கிட்டே இருக்குமாம். 'அம்மா, அது நீதான்'னு பெரியவன் சொல்றான். அவனுக்கு வாய் கொழுப்பு.

அப்புறம் பேரைச் சொன்னா நம்பரை எடுத்துக் கொடுக்க எங்கேயோ ஒரு ஆளு... ஆளு இல்ல, கம்ப்யூட்டரு, சரி. நாம வெப்சைட்டு பேரைத் தட்டறோம், மெஷினுக்குப் பேரு புரியாது, நம்பர்தான் புரியும். அதனால அது போய்க் கேட்டுட்டு வருமாம். எங்க செக்‌ஷன்லயும் அப்படி ஒருத்தர் இருந்தார். 'மீசைக்காரர் வீடு, கிணத்துக்குப் பக்கம்'னு எழுதியிருந்தாக்கூட எந்தத் தெரு, எத்தனையாவது வீடுன்னு சொல்லிடுவார். அவர் லீவு போட்டா ஊரே நின்னுபோகும். ஆனா என்னைக் கேட்டா, அவரே இல்லன்னாலும் விலாசம் ஒழுங்கா இருந்தாப் போதும். விலாசம்தான் தம்பி எல்லாம். அதுல மட்டும் எனக்கு யாரும்...

என்ன கேட்டீங்க? டிவியில நம்பரை யாரு கையால போட்டதா? எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் தொடலன்னு சொன்னேனே. துடைச்சேன். துடைக்கறப்ப ரிமோட்டுல கை பட்டிருக்கும்... துடைச்சா இத்தனை நம்பரு வரிசையா, நடுநடுவுல புள்ளியெல்லாம் வெச்சு விழாதா? சில சமயம் விழும். நான் அழுத்தித் துடைப்பேன்... பிரிண்டர்லயும் அதே நம்பரா? அதையும் துடைச்சேன். பெரியவன் கம்ப்யூட்டர்லயா? அதுல ஒரே தூசி, தம்பி... என் போன்லயுமா?

ம்.

அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க. மாடிப்படியில சத்தம் ஏறும்... சாத்தியாச்சா? சரி. போட்டேன். நான்தான் போட்டேன். அதுக்கு இப்போ என்னங்கறீங்க?

இப்படிப் பாக்காதீங்க, சொல்றேன். அந்தத் தங்கப்பல்லு இருக்காரே, அவர் சின்னவ கம்ப்யூட்டர்ல மட்டும் ஒரு நம்பரைத் தட்டினார். இது என்னன்னு கேட்டேன். 'விலாசம்மா. இவங்க ஆபீஸுக்கு மாறாத ஒண்ணு வேணுமாம், அதான் நிரந்தரமாப் போட்டுட்டேன்'னார். எனக்குச் சுருக்குன்னுச்சு. அப்போ டிவிக்கு, என் போனுக்கு? 'அதுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணா பெட்டியே கொடுத்துக்கும், இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு'ங்கறார். ஒரே கூரைக்குக் கீழ ஆளுக்கு ஒரு விலாசமா? மருமகளுக்கு நிரந்தரமா ஒண்ணு, மாமியாருக்கு இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணா? நான் என்ன நாடோடியா?

சிரிக்காதீங்க. முப்பது வருஷமா நான் பாத்தது உங்களுக்குத் தெரியாது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு ரெண்டு விலாசத்துல கடுதாசி வர ஆரம்பிச்சா, அந்தக் குடும்பம் உடைஞ்சு போச்சுன்னு அர்த்தம். 'இனிமே என் கடுதாசியை இந்த விலாசத்துக்கு அனுப்புங்க'ன்னு ஒரு கார்டு வரும் பாருங்க, பெத்தவளுக்குத் தெரியறதுக்கு முன்னாடி எங்களுக்குத் தெரியும். எத்தனை கார்டு என் கையால மாத்திப் போட்டிருக்கேன். நம்ம வீட்டுக்கும் அப்படி ஒண்ணு வந்துடக் கூடாதுன்னு... அவர் திரும்பினதும் அந்த நம்பரை உள்ளங்கையில எழுதிக்கிட்டேன். 'தானா'ன்னு இருந்ததையெல்லாம் 'கையால'ன்னு மாத்தி, டிவி, பிரிண்டரு, பெரியவன் கம்ப்யூட்டரு, என் போனு, எல்லாத்துக்கும் அதையே போட்டேன். ஒரே வீடு, ஒரே விலாசம். யார் பேருக்கு வந்தா என்ன, வாசல்ல வாங்கிக்கிட்டு உள்ள கொடுத்துக்கலாம்னு நினைச்சேன். குடும்பம்னா அப்படித்தானே தம்பி?

கொடுத்துக்க முடியாதா? ஏன்?... ஒரே நம்பரை ரெண்டு பேரு வெச்சிருந்தா பெட்டிக்கு யாருன்னு தெரியாதா... கடைசியா 'நான்தான் அது'ன்னு யாரு குரல் கொடுக்கறாங்களோ அவங்களுக்குப் போட்டுடுமா. அப்போ நான் மத்தியானம் டிவியைப் போட்டா... டிவி குரல் கொடுக்கும். மாடிக்குப் போக வேண்டியது டிவிக்கு வரும். அவ அங்க வாயைத் திறந்தபடி நிப்பா.

அப்போ அவ சொன்னது நிஜமா?

அடப்பாவமே. நான் டிவி போட்டா நெட் போகுதுன்னு அந்தப் பொண்ணு உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கா. நான் அவளை என்னென்ன சொன்னேன்... தெரு முழுக்கச் சொன்னேனே தம்பி. பொய்க்காரின்னு பக்கத்து வீட்டுல சொன்னேன். அவ வேலைக்கு உலை வெச்சது நானு. சின்னவன் வீட்டைவிட்டுப் போகக் கூடாதுன்னு நான் பண்ணினதே அவனைக் கிளப்பிவிட்டிருக்கு. வெக்கமா இருக்கு, இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?

ஆமா, யார்கிட்டயும் சொல்ல வேணாம். நீங்களும் சொல்லாதீங்க. கிட்ட வாங்க... வெளியில ஒயரை எலி கடிச்சிருச்சுன்னு சொல்லிடுங்க. எலி என்ன மறுத்துப் பேசவா போகுது? காப்பி தரேன், நல்ல காப்பி, இவருக்குப் போடற காப்பி இல்ல... இல்லங்கறீங்களா? நேர்மைக்காரர்! சரி, முதல்ல நம்பரையெல்லாம் மாத்துங்க.

மாத்திட்டீங்களா? அவ்வளவுதானா? எல்லாம் 'தானா'ன்னு ஆயிடுச்சா... அவளோட நம்பர் அவளுக்கு மட்டும். மத்ததுக்கெல்லாம் பெட்டி கொடுக்கறது. சரி, நல்லாயிருக்கட்டும். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பல தம்பி. கடைசியில ஆளுக்கு ஒரு விலாசமாப் போயிடுச்சே இந்த வீடு.

என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க... இந்த நம்பரெல்லாம் வீட்டுக்குள்ள மட்டும்தானா? வெளியில போறப்ப?... வெளியில இருக்கிறவங்களுக்கு இந்த மொத்த வீடும் ஒரே நம்பராத்தான் தெரியுமா! டிவி, போனு, மாடி, கீழ, எல்லாம் ஒண்ணா? வர்றதையெல்லாம் பெட்டி வாசல்ல வாங்கிக்கிட்டு, உள்ள யாரு கேட்டதோ அவங்களுக்குக் கொடுக்குமா? அடேயப்பா, இதைத்தானே நான் அப்போலேர்ந்து சொல்றேன்! ஒரே வீடு, ஒரே விலாசம், வாசல்ல வாங்கி உள்ள கொடுக்கறது. இதை அந்தத் தங்கப்பல்லு முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் துடைக்கப் போறேன்? ஏங்க, பேப்பரைக் கீழ வைங்க, கேட்டீங்களா... கேக்கல அவருக்கு.

சரி, சின்னவளை எப்படியாவது... தம்பி. உங்க போன்ல என்னமோ சிரிக்குது.

இல்ல, சிரிக்குது. பொம்பளைக் குரல். எனக்குத் தெரிஞ்ச குரல்... மேலேர்ந்து நெட்டு வருதா போகுதான்னு பாத்துச் சொல்ல அவளை லைன்ல வெச்சிருந்தீங்களா? எப்போலேர்ந்து? வந்ததுலேர்ந்தா? துடைச்சது? எலி? எல்லாமா? கதவைச் சாத்தச் சொன்னப்போ வேலைமெனக்கெட்டு எழுந்து போய்ச் சாத்தினீங்களே ஐயா! ஒரு துண்டுகூட வழியில தொலையலையா?

கொடுங்க இப்படி. கொடுங்க, நானே பேசறேன்... சின்னவளே. கேட்டுட்டியா? தப்பு என்னோடதுதாம்மா. உன்னைப் பொய்க்காரின்னு சொன்ன வாயாலயே சொல்றேன், தப்பு என்னோடது. பக்கத்து வீட்டுலயும் போய்ச் சொல்லிடறேன். சாயங்காலம் வீடு பாக்கப் போறீங்களே, அது... போறியா, இருக்கியா?

பதிலே வரலையே தம்பி. திரும்ப அனுப்பறேன். சின்னவளே, இருக்கியாம்மா?

...

என்ன? டிவியைப் போடணுமா? இப்பவா? நீ பேசிக்கிட்டிருக்கிறப்பவா? நான் இனிமே எதையும் தொடறதா இல்ல, தம்பி, நீங்களே போடுங்க... போட்டாச்சு. ஓடுது. அங்க? இருக்கியா? நெட்டைக் கேக்கலடி, உன்னைக் கேக்கறேன்.

இருக்காளாம் தம்பி! இருக்கேன் அத்தைன்னுட்டா. சின்னவன்கிட்ட அவளே சொல்லிக்கறாளாம், வீடு பாக்கப் போகலையாம்... இரு இரு, இன்னும் என்னமோ சொல்றா. என்னது?... ம்... ம்...

டிவி ரிமோட்டு இனிமே மாடியிலதான் இருக்குமாம். உடனே அனுப்பி வைக்கணுமாம். பாத்தீங்களா அவ வாயை?

எந்த விலாசத்துக்கு அனுப்பணும்னு கேளுங்க தம்பி.