மூன்றாம் கட்டில் வாஷ்பேசின்

எனக்குச் செடி வளர்க்க வராது. மனைவி வாங்கி வைக்கும் ரோஜா என் பொறுப்பில் ஒரு வாரம் தாங்கினால் பெரிது. கிருமி மட்டும் செழித்து வளரும். ஆளுக்கொரு கைராசி.

இந்த மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு அதிகாரி நான்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று விசாரிக்க வந்த நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். மேயவில்லை ஐயா, வேலியில் ஒரு படலைத் திறந்து வைத்தேன், அவ்வளவுதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில், மூன்றாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாஷ்பேசின் இருக்கிறது. டிரிப்ஸில் மிஞ்சும் ஆன்டிபயாடிக்கை நர்ஸுகள் அதில்தான் ஊற்றுவார்கள். தினமும் அதைக் குடித்துப் பழகிய கிருமிகள் கழிவுக் குழாய்க்குள் குடித்தனம் நடத்தின. பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்து வளர்த்துப் பார்த்தேன். எங்களிடம் இருந்த எந்த மருந்துக்கும் சாகவில்லை. காரணம், அதற்குள் இருந்த பிளாஸ்மிட் என்னும் சின்ன வளையம். மருந்தை ஏமாற்றும் வித்தை அதில்தான் இருக்கிறது. பரீட்சை ஹாலில் பிட்டுப் பேப்பர் கைமாறுவதுபோல ஒரு கிருமி அதைப் பிரதி எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கும். வேற்று இனக் கிருமிக்கும் கொடுக்கும்.

தலைமை நர்ஸ் கேட்டார். "சார், அந்த பேசின மூடிடலாமா? மருந்து ஊத்துறதயும் நிறுத்தச் சொல்லிடறேன்."

"அவசரப்படாதீங்க சிஸ்டர். நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்" என்றேன்.

உண்மையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வளையம் இனம் தாண்டுவதைக் கூடவே இருந்து கண்டவன் என்று பெயர் வாங்க ஆசை. சர்வீஸ் முழுக்க அடுத்தவர் ஆராய்ச்சிக்குக் கைதட்டியவன் நான். வழுக்கை விழுந்தபிறகு வரும் ஆசை பொல்லாதது. மேடையேறக் கோட்டுகூடத் தைக்கக் கொடுத்துவிட்டேன். மருந்து ஊற்றுவதை நிறுத்தினால் கிருமி அந்த வளையத்தைத் தொலைத்துவிடலாம். அதனால் ஊற்றச் சொன்னேன்.

மூன்றாம் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர் குடல் ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்தார். நோயாளியைத் தொடும்முன் கை கழுவவும் என்று சுவரில் நான் ஒட்டிய அறிவிப்பை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் அவர் மனைவி. விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுவார். குழாயைத் திறந்தால் கழிவுத் துளையில் விழும் தண்ணீர் அவர் கையிலேயே திரும்பத் தெறிக்கும். அந்த ஈரக் கையோடு போய்க் கணவரின் வயிற்றுக் கட்டைச் சரிசெய்வார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். அந்தக் குழாய் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆராய்ச்சி கெட்டுவிடும்.

காய்ச்சல் வந்தது. டிரைவரின் ரத்தத்தில் வேறொரு இனக் கிருமி. அதற்குள் அதே வளையம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருக்குக் கொடுக்கத்தான் மருந்து இல்லை. இறந்துபோனார். ஆமாம், நான்தான் கொன்றேன்.

அவர் மனைவி என் அறை வாசலில் நின்று, தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "டாக்டர், நான் இன்னும் நல்லாக் கழுவியிருக்கணுமோ?"

"இல்லம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

நோயாளியின் குடும்பத்திடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.