கழுதைச் சிரிப்புக்குள் என் தம்பி

நாற்காலியில் அமர்ந்த நொடியிலேயே கண்ணயர்ந்துவிட்ட தலைவர் அவர்களே! பல் கழன்றும் பகடி கழலாத மூத்த கோமாளிகளே! எங்களைக் கட்டிக்கொண்டும் பைத்தியம் பிடிக்காமல் வாழும் தாய்மார்களே! லாஸ் ஏஞ்சலஸ் நகைச்சுவை நடிகர் சங்கத்துச் சொந்தங்களே! வணக்கம்.

நம் சங்கத்து வழக்கம் தெரியுமல்லவா? பிறந்தநாள்காரனை வாழ்த்தக் கூடாது, வைய வேண்டும். இன்று மாட்டியவன் என் தம்பி ஓர்வில் கிப்ளர். முப்பது ஆண்டுகள் படங்களில் நான் அறைந்தேன், அவன் வாங்கினான். நான் பேசினேன், அவன் முழித்தான். ஒரு வசனம் உண்டா? ஒரு வார்த்தை உண்டா? அந்த முழிக்குத்தான் ஊரே சிரித்தது. என் பேச்சுக்கென்று நான் நினைத்துக்கொண்டேன். யாரது அங்கே கைதட்டுவது? என் மனைவியா? உட்காரம்மா!

எங்கள் பழைய படங்கள் தொலைக்காட்சியில் ஓடி, பொடிசுகள் எங்களைக் கொண்டாடிய காலம். இசைத்தட்டு கம்பெனி ஒன்று எங்களை அழைத்தது. எங்களுக்கு ஜோடி யார்? மார்மலேட் என்னும் மஞ்சள் கழுதை! கார்ட்டூன் கழுதை. அதற்குக் குரல் கொடுப்பவர், இதோ முன்வரிசையில் வீற்றிருக்கும் லொரெய்ன் அம்மையார். ஒத்திகையில் அந்தக் கழுதை சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஒலிப்பதிவு தொடங்கியது. நான் அறைந்தேன். ஓர்வில் குட்டிக்கரணம் அடித்தான், மைக்கைப் பார்த்துக் கண்ணை உருட்டினான், சிரிப்பு அடங்கட்டும் என்று காத்து நின்றான். மைக்குக்குக் கண் ஏது, நண்பர்களே? அதைவிடக் கொடுமை, அந்த அறையும் மைக்கில் மந்தமாகக் கேட்டது. தயாரிப்பாளர் ஹால்வர்சன் இரண்டு பலகைகளை எடுத்துத் தட்டினார். பளார்! என் தம்பியின் கன்னத்தைவிடப் பலகை நன்றாக நடித்தது.

"உங்க தம்பி எதுக்கு, நெட்? வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. நீங்களும் கழுதையும் போதும்," என்றார் என்னிடம்.

"அவன் இல்லாம நான் யார அடிக்கிறதுய்யா?"

"பலகைய அடிங்க."

ஓர்வில் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். "விடுண்ணே. நான் கார்ல ஒக்காந்திருக்கேன்." சிரிக்க வைத்தே வாழ்ந்தவன் தலைகுனிந்து போனான்.

மீண்டும் பதிவு. பலகை பளாரென்றது. கழுதை சிரிக்க வேண்டும். "ஹீ... ஹா..." சாவு வீட்டில் யாரோ தும்மியதுபோல் இருந்தது! இன்னொரு தடவை, அதைவிட மோசம்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் ஹால்வர்சன்.

அம்மையார் கழுதைக் குரலிலேயே கேட்டார்: "யோவ்! ஒத்திகையில நான் எதப் பாத்துச் சிரிச்சேன்னு நெனச்சே? ஒம் பலகையவா? போய் அந்த மனுசனக் கூட்டிட்டு வாய்யா!"

கூட்டி வந்தார். எதிரே நின்றான் என் தம்பி. அறைந்தேன். முழித்தான். சிரித்தது பாருங்கள் கழுதை! அம்மையார் மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹால்வர்சன் பலகையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்!

அந்த இசைத்தட்டைப் போட்டுக் கேளுங்கள். என் குரல் கேட்கும். பலகை கேட்கும். ஓர்வில் எங்கே? எங்கே என் தம்பி? கழுதை மூச்சுத் திணறச் சிரிக்கிறதே, அங்கே இருக்கிறான்! காணாத முகத்துக்குக் குழந்தைகள் சிரிக்கிறார்களே, அங்கே இருக்கிறான்! எனக்குப் பெருமையாக இருக்கிறது. பொறாமையாகவும் இருக்கிறது.

வசை வாங்கியவன் ஏற்புரை ஆற்றுவதும் நம் வழக்கம். எழுந்திரு தம்பி, உன் முகத்தைக் காட்டு. லொரெய்ன் அம்மா, அவன் முகம் சொல்வது என்னவென்று நீங்கள் சிரித்துச் சொல்லுங்கள். தலைவரே, இப்போதாவது விழித்துக்கொள்ளுங்கள்! பொறுத்த செவிகளுக்கும் பரிமாறிய கைகளுக்கும் நன்றி. முப்பது ஆண்டுகள் அவனை அறைந்த இந்தக் கையை, இன்று அவனை நோக்கிக் கூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!