சாம்சனின் இரண்டு கைகள்

சாம்சனுக்குத் தினமும் டீ வாங்கிக் கொடுத்தது நான்தான். இதை முதலில் சொல்லக் காரணம், எனக்கு அவன்மேல் கோபம் என்று உங்கள் ஏட்டு எழுதிக்கொண்டிருப்பதுதான். கோபமே கிடையாது ஐயா. அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கும்மிடிப்பூண்டியில் தகரத்தை அழுத்தி வடிவம் எடுக்கும் தொழிற்சாலை எங்களுடையது. நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் அச்சு இறங்கும்; கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. சாம்சன் ஒரு பட்டன் அமுங்கியே இருக்கும்படி சோடா மூடியைச் செருகிவிட்டு, அந்தக் கையை உள்ளே விட்டுத் தகரத்தை எடுப்பான். கண்டித்தால் சிரிப்பான்.

"இப்டி எடுக்கலன்னா டார்கெட் வராது சார். நீங்க வேற பேஜாரு பண்ணிக்கினு."

உண்மைதான். கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் சென்சார் ஒன்று கேட்டேன். டார்கெட்டைக் குறைக்கவும் சொன்னேன். மேனேஜர் மோகன்ராஜ், "அவனுக்கு பயம் இல்ல, அதான் பிரச்சனை" என்றார். யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து மூளையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு சத்தம் கேட்கிறது, உடனே வலிக்கிறது. அப்போது நார்அட்ரினலின் என்ற ரசாயனம் சுரந்து, சத்தத்தையும் வலியையும் கோந்து போட்டமாதிரி ஒட்டிவிடுகிறது. பிறகு வலி தேவையில்லை, சத்தமே போதும். இவ்வளவு மலிவாக ஒரு சென்சார் எங்கேயும் கிடைக்காது.

அவன் கை உள்ளே போகும்போதெல்லாம் நானே சுவிட்சைத் தட்டிப் பஸர் அடித்து, அவன் நிற்கும் இரும்புப் பலகையில் கரண்ட் விட்டேன். லேசாகத்தான். பிறகு ஸ்ட்ராங்காக ஒரு டீ. நெஞ்சு படபடத்தால் பாடம் நன்றாகப் பதியும் என்பது என் சொந்தக் கணிப்பு. "பலகைல ஷாக் அடிக்குது சார், எலக்ட்ரீஷியன பாக்கச் சொல்லுங்க" என்பான். சொல்கிறேன் என்பேன்.

ஆனால் மறுநாள் எல்லாம் மறந்து சிரித்தபடி வருவான். எனக்கு மனசே விட்டுப்போனது. விசாரித்ததில், ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்று தெரிந்தது. அது அதே ரசாயனத்தை வேலை செய்யவிடாமல் தடுக்கும் வகை. பாவம், கற்றுக்கொள்ள வேண்டிய பையனை மாத்திரை கெடுத்துக்கொண்டிருந்தது. அவன் சாப்பாட்டுப் பையிலிருந்த டப்பாவிலிருந்து மாத்திரைகளை எடுத்துவிட்டு, அதே அளவில் சத்து மாத்திரை போட்டேன். தலைவலி திரும்பியது. பயமும் பிடித்துக்கொண்டது.

அழகாக வந்தது ஐயா. பஸர் அடித்தால் போதும், இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவான். கரண்ட் விடுவதையே நிறுத்திவிட்டேன். அவன் மனைவி சுகிர்தா ஒருநாள் தொழிற்சாலை வாசலுக்கு வந்து, "ஊட்ல குக்கர் விசில் அடிச்சாகூட அசையாம நின்னுடறாரு சார், இன்னா ஆச்சு அவருக்கு?" என்று அழுதாள். குக்கரை விட்டுவிட்டுச் சோற்றை வடிக்கச் சொன்னேன். சர்க்கரை வராமல் இருக்கவும் அது நல்லது என்றேன்.

ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். ஸ்டோரில் வேறு பஸர் கிடைக்காததால், வாயு கசிந்தால் அடிப்பதற்காக வைத்திருந்த பஸரில் ஒன்றைத்தான் அவனுக்கு மாட்டியிருந்தேன்; இரண்டுக்கும் ஒரே சத்தம்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து ஆலையில் குளோரின் கசிந்தது. எங்கள் ஷெட்டில் பஸர் அலறியது. எல்லாரும் ஓடினார்கள். சாம்சன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான். அவனை இழுக்கத் திரும்பி வந்த பக்கத்து மெஷின் மணிகண்டனை, "நான் பாத்துக்கறேன், நீ ஓடு" என்று அனுப்பிவைத்தேன். பார்க்கவும் செய்தேன். என்னிடம் முகமூடி இருந்தது, நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை. ஆனால் பாடம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள இன்னொரு சந்தர்ப்பம் வராது. இருமினான், கண்ணில் தண்ணீர் கொட்டியது, என்னைப் பார்த்தான். விழும்வரை அவன் கை நெஞ்சைவிட்டு இறங்கவில்லை.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பிரேதத்தைப் பார்த்த டாக்டரிடம் கேட்டு இதையும் சேர்த்துவிடுங்கள் ஐயா: பத்து விரலில் ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை.