உடையாத பிக்காசு

தலை நரைக்கிற வயதில் ஒருவன் கம்ப்யூட்டரில் கட்டை அடுக்கி விளையாடுகிறானே என்று உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள் ஐயா. நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். முதல்முதலில் பார்த்தபோது அண்ணியும் சிரித்தார். "ரெண்டு பேருக்கும் கழுதை வயசாகுது, இன்னும் சின்னப் பிள்ளைங்க மாதிரி" என்றார். சிரித்துக்கொண்டேதான் கம்ப்யூட்டர் மேசையை அண்ணனின் கட்டில் காலடிக்கு நகர்த்தவும் கை கொடுத்தார். படுத்தபடியே அவனுக்குத் திரை தெரிய வேண்டும் என்பதற்காக.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். அதில் மண், மரம், கல் எல்லாமே சதுரக் கட்டைகள். வெட்டி எடுக்கலாம், வேறு இடத்தில் அடுக்கி வீடு கட்டலாம். அண்ணனுக்கு வீடு கட்டுவதில் ஆசை இல்லை. மலையைக் குடைந்துகொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். கை நடுங்க ஆரம்பித்த பிறகு அவனால் விளையாட முடியவில்லை. அவன் சொல்லச் சொல்ல நான் வெட்டினேன்.

"இதுல தூசியே இல்ல, பாத்தியா?" என்பான். "மேஸ்திரியும் இல்ல. அதான் வேலை ஒழுங்கா நடக்குது."

நாங்கள் இருவரும் ஒரே கல் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். பெரிய கல்லைப் பலகை பலகையாக அறுத்து, ஓரம் தேய்த்து, மெருகு போட்டு அனுப்புவோம். சமையல் மேடைக்கும் கல்லறைக்கும் ஒரே கல்தான். அண்ணனைப் பட்டறையில் 'பாறை' என்று கூப்பிடுவார்கள், ஒரு நாளும் லீவு போடாததால். நான் 'சின்னப் பாறை'. சாயங்காலம் முகம் கழுவினால் தண்ணீர் பால் மாதிரி ஓடும். மூக்கில் துணி கட்டிக்கொள்வோம். புழுக்கம் தாங்காமல் அதையும் அவிழ்த்து விடுவோம்.

அந்தத் தூசி அவன் நெஞ்சில் தங்கிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுரையீரல் முழுக்க மாவு தூவியது மாதிரி இருந்தது. "இது இனிமே சரியாகாது. ஆக்சிஜன் மெஷின் ஒண்ணு வாடகைக்கு எடுத்து வீட்டுலயே வெச்சுக்குங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அதே இடத்துலதான் வேலையா? நீங்களும் ஒரு படம் எடுத்துப் பாத்துடுங்க."

சரி என்றேன். எடுக்கவில்லை.

பயம்தான் ஐயா. வேறு காரணம் எதுவும் இல்லை.

அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார். அவர் வேலைக்குப் போனால்தான் வீடு ஓடும். ஆகவே நான் பட்டறையை விட்டுவிட்டு அண்ணனோடு இருந்தேன். எல்லாரும் என்னை மெச்சினார்கள். இந்தக் காலத்தில் எந்தத் தம்பி இப்படிப் பார்த்துக்கொள்வான் என்றார்கள். உடம்பு துடைத்துவிட்டேன், மாத்திரை கொடுத்தேன், கஞ்சி ஊட்டினேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அண்ணியைக் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் அதைச் சொல்வார்.

மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு குட்டி அலமாரி உயரத்தில் நிற்கும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். பகல் முழுக்க அது ஒரு பக்கம் பெருமூச்சு விடும், அண்ணன் ஒரு பக்கம் இழுப்பான். அவன் மூச்சு இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போகும். முகம் மழிக்கும்போது கண்ணாடியில் என் கழுத்துக் குழியைப் பார்க்க ஆரம்பித்தேன். உள்ளே போகிற மாதிரியும் இருக்கும், போகாத மாதிரியும் இருக்கும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருப்பேன்.

பிறகு எனக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல். அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

"படம் எடுத்தியாடா?"

"நாளைக்குப் போறேன்ணே."

"என்னைப் பாத்துமா உனக்குப் புத்தி வரல?"

தினமும் இதே பேச்சு. அவன் அக்கறையில்தான் கேட்டான். எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் அவன் பார்க்கும்போதெல்லாம், கட்டிலில் ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் விடுகிற மாதிரி இருந்தது. இருமல் வந்தால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருமினேன். வெளியே வந்தால் அவன் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான்.

இனி பிக்காசு விஷயம். விளையாட்டில் அண்ணனுக்கு ஒரு வைரப் பிக்காசு இருந்தது. வெட்ட வெட்ட அது தேயும். இரும்படிக்கும் பட்டடையில் வைத்துப் பழுதுபார்க்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் விலை ஏறிக்கொண்டே போகும். கடைசியில் பட்டடை மறுத்துவிடும். அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டோம். இன்னும் ஒரு தடவைதான் தாங்கும். 'மெண்டிங்' என்று ஒரு மந்திரம் இருக்கிறது. அதை ஏற்றிவிட்டால், வேலை செய்யச் செய்யப் பிக்காசு தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும். அப்புறம் தேய்மானத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அந்த மந்திரம் சுலபத்தில் கிடைக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. விளையாட்டில் வருகிற ஊர்க்காரன் ஒருவனைப் பிடித்து, நகர முடியாதபடி நான்கு பக்கமும் சுவர் எழுப்பி, எதிரே புத்தகம் வைக்கும் சாய்மேசை ஒன்றைப் போட வேண்டும். அவன் நூலகர் ஆகிவிடுவான். விற்க ஒரு புத்தகம் காட்டுவான். வேண்டியது இல்லையென்றால் மேசையை உடைக்க வேண்டும், அவன் வேலை போய்விடும். திரும்ப மேசை போட்டால் வேறு புத்தகம் காட்டுவான். கேட்டது வருகிற வரைக்கும் இதே வேலைதான். அவன் கோபப்பட மாட்டான். நின்ற இடத்தில் நின்று தலையை ஆட்டுவான். நாள்கணக்கில் உடைத்துப் போட்டேன், போட்டு உடைத்தேன். அண்ணனும் சளைக்காமல் பார்த்தான். "பாவம்டா அவன், நம்ம முதலாளிகிட்ட மாட்டின மாதிரி முழிக்கறான்" என்றான்.

அந்த நாள்களில் ஒரு காலையில் நான் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். விளக்குமாறு ஒயரில் மாட்டி மெஷினின் பிளக் கழன்றுவிட்டது. சத்தியமாக அது கைத்தவறுதான். மெஷின் உடனே வீல் வீலென்று கத்தியது. கரண்ட் போனால் கத்துவதற்கென்று அதற்குள் தனியாக ஒரு பேட்டரி உண்டு. பதறிப்போய்த் திரும்ப மாட்டினேன். அண்ணன் வெளுத்துப் போயிருந்தான். மூச்சு திரும்பியதும், "என்னடா, உனக்கு அவ்வளவு அவசரமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்துவிட்டேன். மெஷின் நின்று அலாரம் கிளம்பும் முன்னால் ஒரு நொடி அறை அமைதியாக இருந்தது. பெருமூச்சும் இல்லை, இழுப்பும் இல்லை. அவன் வந்து படுத்ததிலிருந்து அந்த ஒரு நொடிதான் எனக்குப் பயமில்லாமல் கழிந்தது.

மறுநாள் அவன் தூங்கும்போது அலாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். அந்தச் சத்தம் அவனைப் பயமுறுத்துகிறது, அதனால்தான் என்று முன்பு உங்களிடம் சொன்னேன். அது பொய்யில்லை. யாருடைய பயம் என்பதை மட்டும் மாற்றிச் சொன்னேன். அவசரத்துக்கென்று கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. அது காலி. "நிரப்பி வெச்சிடுங்க தம்பி, மறந்துடாதீங்க" என்று அண்ணி சொல்லியிருந்தார். நான் மறக்கவில்லை.

அன்றைக்கு மதியம் கஞ்சி கொடுத்துவிட்டு விளையாட உட்கார்ந்தேன். மேசையை உடைத்துப் போட்டதும் நூலகர் மெண்டிங் புத்தகத்தைக் காட்டினார். நான் நம்பவில்லை, கிட்டே போய்ப் படித்தேன். "அண்ணே, வந்துடுச்சு" என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அந்த நேரத்தில் கரண்ட் போனது.

எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஆக்சிஜன் மெஷினையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துத் தாங்காது. சற்று நேரம் இரண்டையும் இழுக்கும், பிறகு மொத்தமாக நின்றுவிடும். கரண்ட் போனால் முதலில் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும், அதுதான் வீட்டுச் சட்டம். இன்வெர்ட்டர் எச்சரித்துக் கத்த ஆரம்பித்தது. நான் எழுந்து போய் ஆக்சிஜன் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரை அணைத்திருந்தால் அந்தப் புத்தகம் போயிருக்கும், அத்தனை நாள் உழைப்பும் வீணாகியிருக்கும் என்று உங்கள் ஏட்டையாவிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அவர் விளையாடியதில்லை போல. முறையாகச் சேமித்துவிட்டு அணைக்க ஒரு கொட்டாவி விடும் நேரம் போதும். மறுபடி திறந்தால் நூலகர் அதே இடத்தில் அதே புத்தகத்தோடு நிற்பார். அவரால் எங்கே போக முடியும்?

புத்தகம் வாங்க என்னிடம் மரகதம் போதவில்லை, அந்த ஊரில் அதுதான் காசு. நூலகருக்குக் காகிதம் விற்றால் மரகதம் கொடுப்பார். காகிதத்துக்குக் கரும்பு வேண்டும். ஆற்றங்கரைக்குப் போய்க் கரும்பு வெட்டினேன். கட்டிலின் சட்டம் ஆடுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது, அதனால் இன்னும் கவனமாக வெட்டினேன், ஒரு தட்டையையும் தண்ணீரில் விழ விடவில்லை. பிறகு காகிதம் செய்தேன். நூலகரிடம் விற்றேன்.

நடுவில் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "கொஞ்சம் இருண்ணே, முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்பினேன்.

புத்தகத்தை வாங்கிப் பட்டடையில் வைத்துப் பிக்காசில் ஏற்றினேன். அது மின்னியது. அதற்குள் கட்டில் சத்தம் நின்றிருந்தது. அறை அமைதியாக இருந்தது. நான் எதிர்பார்த்த அமைதி அதுவல்ல. என் மூச்சு எனக்குக் கேட்டது, அது மட்டும்தான் கேட்டது. பிளக்கைத் திரும்ப மாட்டி, கம்ப்யூட்டரை அணைத்து, அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அழுகை வருமோ வராதோ என்று பயந்தேன். வந்தது.

வாடகை மெஷினை எடுத்துப்போக மெக்கானிக் வந்திருக்காவிட்டால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அலாரம் பேட்டரிய யாரு எடுத்தது?" என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

இங்கே கொண்டுவந்த பிறகு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள். எனக்கும் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். டாக்டர், "நெஞ்சு சுத்தமா இருக்கு. ஒரு குறையும் இல்ல. தொண்டைப் புண்ணு, அதான் இருமல்" என்றார். வேறு யாருடைய படமாவது மாறி வந்திருக்கும், திரும்ப எடுங்கள் என்று கெஞ்சினேன். திரும்ப எடுத்தார்கள். அதுவும் சுத்தம்தான். அன்றிலிருந்து என்னால் தூங்க முடியவில்லை. எனக்கும் அதே நோய் இருந்திருந்தால் நான் செய்ததற்கு ஓர் அர்த்தமாவது இருந்திருக்கும். இப்போது சுத்தமான நெஞ்சை வைத்துக்கொண்டு, இன்னும் எத்தனை வருஷம் மூச்சு விட வேண்டுமோ தெரியவில்லை.

நேற்று அண்ணி வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "கடைசியா அவர் ஏதாவது சொன்னாரா தம்பி?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். இவ்வளவுக்குப் பிறகும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். 'கிடைச்சுதா' என்று கேட்டான், அண்ணி, கஷ்டப்படவில்லை, அவன் கவனமெல்லாம் விளையாட்டில்தான் இருந்தது என்றேன். அதைக் கேட்டு அவர் அழுதார். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவர் அதை அப்படியே வைத்துக்கொள்ளட்டும். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் மட்டும் உண்மையை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. 'கிடைச்சுதா' என்று வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள், உதடுகள் ஒரு தடவைகூட ஒட்டாது. 'பிளக்கப் போடு' என்று சொல்லிப்பாருங்கள். அண்ணனின் உதடுகள் இரண்டு தடவை ஒட்டிப் பிரிந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் திரும்பிக்கொண்டேன்.