புதன்கிழமை வெடித்த கணப்பு

— மெதுவா... மெதுவாடா. அடியில கை குடுத்துத் தூக்கு. புகைக் குழலைப் புடிச்சா கையோட வந்துரும்.

— தெரியும்மா. கடையிலேருந்து இதை வண்டியில ஏத்தினதே நான்தான்.

— ஏத்தினே. இப்போ இறக்கு. அந்தப் பலகை மேல... ம். வாய்ப் பக்கம் வெளிச்சத்துக்குத் திருப்பு.

— ஐயோ.

— பாத்தியா?

— வாயிலேருந்து குழல் வரைக்கும் ஓடியிருக்கே. இது கீறல் இல்லம்மா, பிளந்தே போச்சு.

— அதான் உன்னைப் பாக்கச் சொன்னேன். தேடிப் புடிச்சு வாங்கிக் குடுத்தவன் நீ. ஏன் இப்படி ஆச்சுன்னு நீதான் சொல்லணும்.

— மண்ணுன்னா என்னிக்காவது விரியத்தான் செய்யும். இரும்புல வாங்கலாம்னு அப்பவே சொன்னேன்.

— நீயா? இரும்பு கேட்டது நான். "இரும்பு துருப்புடிக்கும், தொட்டா கை வெந்துரும். தோட்டத்துல தனியா உக்காந்து குளிர் காயறவங்களுக்கு மண் கணப்புதான் தோது, அணைஞ்ச பிறகும் கதகதன்னு இருக்கும்"னு கடைக்காரரைக்கூடப் பேசவிடல நீ.

— சரி, சொன்னேன். மழைத் தண்ணி இறங்கியிருக்கும்.

— மழை எங்கடா பெய்ஞ்சுது?

— பனி இருக்குல்ல. வெளிப்பக்கம் மெழுகு பூசி வைன்னு சொன்னேனே, பூசினியா?

— பூசியாச்சு. தொட்டுப் பாரு, வழுவழுன்னு இருக்கும். ராத்திரி மூடியும் போட்டாச்சு. நீ சொன்ன பாடம் ஒண்ணு விடாம நடந்துருக்கு. ஒப்பிக்கட்டுமா?

— இப்போ எதுக்கும்மா...

— அடியில நாலு விரல் கனத்துக்கு மணல். முதல் நாளே பெருசா எரிக்கக் கூடாது. சுள்ளி வச்சு சின்னதா ஏத்தி, தானா அணையவிட்டு, மறுநாள் கொஞ்சம் பெருசா... குழந்தைக்குச் சோறு பழக்கற மாதிரின்னே.

— சொன்னேன், சொன்னேன்.

— குழல் மேல வலைமூடி இல்லாம ஏத்தாதே, பொறி பறக்கும். பெயிண்ட் அடிச்ச கட்டை கூடாது, பாலீஷ் போட்ட கட்டை கூடாது. இன்னொண்ணு என்னவோ சொன்னியே?

— என்னது?

— கடைசியா. வாசல்ல நின்னு செருப்புப் போட்டுக்கிட்டே சொன்னே.

— ஞாபகம் இல்ல.

— "சூடா இருக்கறப்போ மட்டும் தண்ணி ஊத்திராதேம்மா, வெடிச்சுரும்."

— ...ஆமா. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

— எல்லாருக்கும் எங்க தெரியும்? இந்த வீட்ல மூணு பேருக்குத்தான் தெரியும்.

— மூணாவது யாரு?

— உனக்குத் தெரியாதாக்கும்.

— லிஃப்ட்காரர்.

— லிஃப்ட் ரிப்பேர் வேலையை விட்டு எவ்வளவோ நாளாச்சு. பின்வீட்டுக்காரர்னு சொல்லலாம்.

— என்னவோ ஒருத்தர். அவர் எப்பம்மா இந்த வீட்டுக் கணக்குல வந்தார்? மூணு பேருங்கறே.

— ...வாய் தவறி வந்துருச்சு.

— தினம் வர்றாரா?

— சாயங்காலம் வருவார். காஞ்ச விறகு ரெண்டு கட்டு கொண்டு வருவார். சாம்பலை அள்ளுவார், மணலைச் சரி பண்ணுவார். உக்காருவார். எழுந்து போயிருவார்.

— உக்காந்து?

— பேசுவோம். சில நாள் பேச மாட்டோம், நெருப்பைப் பாத்துக்கிட்டு இருப்போம். பகல் பூரா கண்ணாடிக் கடையில "இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா"ன்னு கேட்டுட்டு வர்றேன். வேற ஏதாவது பேச வேண்டாமா எனக்கு?

— அக்கா இருக்கா, நான் இருக்கேன். போன் பண்ணலாமே.

— பண்றேனே. அவ "மீட்டிங்ல இருக்கேன்மா"ங்கறா. நீ "வண்டி ஓட்டறேன்மா"ங்கறே.

— ...அவர்தான் ஈர விறகைக் கொண்டு வந்து போட்டிருப்பார்.

— ஈர விறகு புகையும். பிளக்காது.

— அப்போ அளவு தெரியாம எரிச்சிருப்பார். எரியறப்பவே தண்ணியை ஊத்தியிருப்பார். வயசான காலத்துல நிதானம் ஏது?

— நீ சொல்றது சரிதான்.

— என்ன சரி?

— அவரே ஒத்துக்கிட்டார்.

— ...என்னன்னு?

— "நான்தான் உடைச்சேன்"னு. புதன்கிழமை சாயங்காலம், இதோ இதே இடத்துல நின்னு. "மத்தியானம் குளிரா இருந்துச்சு, உங்களைக் கேக்காம ஏத்திட்டேன். அவசரமா வெளியில போக வேண்டி வந்துச்சு, தண்ணியை ஊத்திட்டேன். மன்னிச்சுருங்க"ன்னார்.

— அவரே சொன்னாரா?

— அவர் வாயாலயே.

— ...பாத்தியா. நான் சொல்லல? ஆளைப் புடிச்சு வச்சுக்கிட்டு என்கிட்ட எதுக்கு இவ்வளவு நேரம் பாடம் ஒப்பிச்சே?

— நீ என்ன சொல்றேன்னு பாக்கலாம்னுதான். மேல சொல்லு.

— சொல்றதுக்கு என்ன இருக்கு? நீ வீட்ல இல்லாதப்போ உள்ள வந்திருக்கார். பின்கேட்டுச் சாவி யார் குடுத்தா அவருக்கு?

— பின்கேட்டுக்கு ஏதுடா சாவி, வெறும் கொக்கிதான்.

— அதான் தப்பு. நாளைக்கே பூட்டு மாட்டறேன். இனிமே அவர் இந்தப் பக்கம் வரக் கூடாது. அடுத்தவங்க பொருளை உடைச்சுட்டு மன்னிச்சுருங்கன்னா ஆச்சா? இன்னைக்குக் கணப்பு, நாளைக்கு வீட்டையே கொளுத்துவார்.

— ரொம்பக் கோபமா இருக்கே.

— இருக்காதா? நீ சொல்றியா, நான் போய்ச் சொல்லவா?

— நீ சொல்லுவியா?

— மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்.

— நல்லதாப் போச்சு. வெயில் இறங்கினதும் வருவார். இருந்து சொல்லிட்டுப் போ.

— ...இன்னைக்கா?

— சூடு தாங்கற பூச்சு ஏதோ இருக்காம், வாங்கிக்கிட்டு வர்றேன்னார். விரிசலை அடைச்சுப் பாக்கலாம்னு.

— இந்தப் பிளவுக்குப் பூச்சு நிக்காதும்மா.

— நிக்காதுன்னு அவருக்கும் தெரியும். இருந்தாலும் கொண்டு வர்றார்.

— நான் வேணா புதுசு வாங்கித் தர்றேன். இரும்புலயே, நீ கேட்ட மாதிரி. இன்னைக்கே போய்...

— உடைச்சவர் அவர், நீ எதுக்கு வாங்கித் தரணும்?

— இல்ல... உனக்காகத்தான். சரி, நான் கிளம்பறேன். கம்பெனி வண்டி, திருப்பி விடணும்.

— ஞாயித்துக்கிழமை உன் கொரியர் கம்பெனி எங்கடா திறந்திருக்கு? உக்காரு.

— அம்மா...

— உக்காருன்னேன். எனக்கு ஒரு சந்தேகம், அதைத் தீத்து வச்சுட்டுப் போ. புதன்கிழமை மத்தியானம் அவர் இங்க வந்து நெருப்பு ஏத்தினார். அப்படித்தானே?

— அவர்தானே சொல்லியிருக்கார்.

— புதன்கிழமை நான் கடை திறந்ததும் முதல்ல படியேறினது அவர்தான். கண்ணாடிக்கு லென்ஸ் மாத்தணும்னு வந்தார். ஃபிரேமைக் கழட்டிப் பட்டறைக்கு அனுப்பிட்டேன், திரும்பி வர சாயங்காலம் ஆயிருச்சு. கண்ணாடி இல்லாம அவரால ரோட்டைத் தாண்ட முடியாதுடா. பகல் பூரா என் எதிர்ல பெஞ்சுல உக்காந்திருந்தார். சேந்துதான் நடந்து வந்தோம்.

— அப்போ... வேற யாராவது தெருப் பசங்க...

— இரு, முடிக்கல. பின்கேட்டைத் திறந்தோம். ஒரே நாத்தம். விறகுப் புகை இல்ல, பாலீஷ் கருகின நாத்தம். அவர் குனிஞ்சு உள்ள பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் நிமிந்து, "நான்தான்"னார்.

— எதுக்கு அப்படிச் சொல்லணும்?

— அதைத்தான் உன்னைக் கேக்கறேன். நாள் முழுக்க என் கண் முன்னாடி இருந்த மனுஷன். நான் நம்ப மாட்டேன்னு தெரிஞ்சே ஒரு பொய் சொல்றார். யாருக்காக?

— எனக்கெப்படித் தெரியும்?

— உள்ள பாரு.

— வேண்டாம்.

— ஈரத்துல மணல் கட்டி தட்டியிருக்கும். குச்சியால கிளறிப் பாரு.

— அம்மா, வேண்டாம்னா விடேன்.

— சரி, நானே எடுக்கறேன். இந்தா. முழுசா எரியல. என்ன இது? வளைஞ்ச கைப்பிடி. எந்த நாற்காலிது?

— அப்பா நாற்காலி.

— ம். உள்ள அப்பா நாற்காலி இருந்த இடம் காலியா கிடக்கு, எங்கேன்னு வந்ததுலேருந்து நீ கேக்கவே இல்ல. அதைக் கவனிச்சேன்.

— ...நான்தான்மா.

— சொல்லு.

— போன வாரம் போன் பண்ணியே, ஞாயித்துக்கிழமை வா, ஒண்ணு கேக்கணும்னு. என்னன்னா நேர்ல சொல்றேன்னே. உன் குரலே சரியில்ல. எனக்கு இருப்புக் கொள்ளல. புதன்கிழமை இந்த ஏரியாவுல ஒரு பார்சல் இருந்துச்சு. நீ கடையில இருப்பேன்னு தெரியும், சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.

— என்ன பாத்தே?

— அப்பா நாற்காலி தோட்டத்துல கிடக்கு. அதுல அவரோட ஸ்வெட்டர் தொங்குது. என்னவோ காலங்காலமா அங்கதான் தொங்கற மாதிரி.

— முந்தின நாள் மறந்து வச்சுட்டுப் போனார்.

— அதுல நான்கூட உக்காந்ததில்லம்மா. அப்பா போன பிறகும், இங்க வந்தா நான் தரையிலதான் உக்காருவேன், உனக்கே தெரியும். அதைக் கொண்டு போய்ப் பனியில போட்டு, யாரோ ஒருத்தரை...

— மேல சொல்லு.

— கோபத்துல ஒரு உதை விட்டேன். அவ்வளவுதான் நினைச்சேன். கால் முறிஞ்சுருச்சு. உடைஞ்சு கிடக்கறதைப் பாக்க முடியல. எல்லாத்தையும் உள்ள திணிச்சுக் கொளுத்திட்டேன்.

— ஸ்வெட்டரையுமா?

— இல்ல... அதை மடிச்சுக் கொடியில போட்டேன்.

— அடப்பாவி. நாற்காலியைக் கொளுத்தினவன் ஸ்வெட்டரை மடிச்சு வச்சியா?

— அது அடுத்தவங்க பொருள்ல.

— நல்ல நியாயம்டா உன்னுது. அப்புறம்?

— பாலீஷ் போட்ட மரம்மா. குபுகுபுன்னு புடிச்சுக்கிச்சு. குழலுக்கு மேல ஒரு ஆள் உயரம் எரியுது. வலைமூடி செவந்து போச்சு. பக்கத்துலயே விறகு அடுக்கி வச்சிருக்கு, மேல வயர் போகுது. கையும் ஓடல, காலும் ஓடல. பக்கெட்டை எடுத்துக் கவுத்துட்டேன்.

— நீ சொன்ன பாடம்?

— கவுத்த அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. படார்னு ஒரு சத்தம். எனக்கு அழுகையே வந்துருச்சும்மா. அப்படியே போட்டுட்டு ஓடிட்டேன்.

— கையைக் காட்டு.

— ஒண்ணும் இல்ல.

— தூக்கறப்பவே முகம் சுளிச்சே. காட்டுடா... கடவுளே. மருந்து போட்டியா?

— போட்டேன். நீ திட்டும்மா. திட்டிரு.

— திட்டிக்கிட்டேதான் இருக்கேன் நாலு நாளா, மனசுக்குள்ள. அந்த நாற்காலியை வெளியில போட்டது நான். அவர் கேக்கல. கால் வலியோட நின்னுக்கிட்டே பேசிட்டுப் போவார். அப்பா போனதுலேருந்து அதைத் துடைச்சுத் துடைச்சு வைக்கறேன், உக்கார ஆள் இல்ல. ஒரு நாள் எனக்கே ஆத்திரம் வந்துருச்சு. தூக்கிட்டு வந்து போட்டு, "உக்காருங்க"ன்னேன்.

— அப்பாவை மறந்துட்டியா?

— பாதி நாள் அவர்கிட்ட அப்பாவைப் பத்தித்தான் பேசறேன். அவர் தன் சம்சாரத்தைப் பத்திப் பேசுவார். உன்கிட்ட அப்பா பேச்சை எடுத்தா நீ வண்டிச் சாவியைத் தேடறே. தனியா படுக்க எனக்கு பயமா இருந்துச்சுடா. சொன்னா நீயும் அக்காவும் என்னைப் பங்கு போட்டுக்குவீங்க, கொஞ்ச நாள் அங்க, கொஞ்ச நாள் இங்கன்னு. அதான் வாயைத் திறக்கல.

— எனக்கும் பயம்தான்.

— உனக்கென்ன?

— இனிமே இங்க வந்தா எனக்கு இடம் இருக்காதோன்னு.

— தரையில உக்கார்றவனுக்கு எங்கடா இடம் இல்லாம போகும்?

— விளையாடாதேம்மா... அவர் வந்தா நான் என்ன சொல்றது?

— மூஞ்சிக்கு நேரா சொல்றேன்னியே.

— அம்மா.

— "நான்தான்"னு சொல்லு, போதும்.

— மன்னிப்பாரா?

— மன்னிச்ச பிறகுதான் அந்தப் பொய்யே சொல்லியிருப்பார்.

— ...சரி. சொல்லிடறேன். நீ ஏதோ கேக்கணும்னு கூப்பிட்டியே, இதெல்லாம் நடக்கறதுக்கு முன்னாடியே. அது என்ன?

— அது இப்போ வேண்டாம், விடு.

— கேளும்மா. எதுவா இருந்தாலும் சரின்னு சொல்றேன். சத்தியமா.

— கல்யாணம் பண்ணிக்கலாமான்னு அவர் கேட்டார். பையனைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு நான் சொல்லியிருந்தேன்... புதன்கிழமை இங்க நின்னு உனக்காக அந்தப் பொய்யைச் சொன்னார் பாரு, அப்பவே சரின்னு சொல்லிட்டேன்டா. உன்னைக் கேக்கல.