இப்பெயரில் இங்கு யாரும் இல்லை

இந்நகரத்தின் தபால் பெட்டிகளைக் காத்த பெருமக்களின் வரலாறு என்றாவது எழுதப்படுமானால், அதன் முதல் அத்தியாயம் என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்பதைத் தாழ்மையுடன் அறிவித்துக்கொள்கிறேன். முகவரி மோசடி என்னும் பெரும்பிணியை எதிர்த்து, ஒரு சிவப்புப் பேனாவும் ஒரு குப்பிப் பசையும் மட்டுமே ஆயுதங்களாகக் கொண்டு, தனி ஒருவனாக நின்றவன் நான். பசை எதற்கு என்று பிறகு சொல்கிறேன். என் வாக்குமூலத்தை நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளலாம், ஐயா. எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது.

எல்லாம் ஒரு கப்பல் கம்பெனியில் தொடங்கியது. 'அகில உலகக் கப்பல் சரக்குக் கழகம், தலைமை அலுவலகம்' என்று போட்டு, அதற்குக் கீழே என் கதவு எண்ணைப் போட்டு ஒரு கடிதம் வந்தது. என் வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டும். அதில் எந்த மூலையில் கப்பலைக் கட்டுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பல் மருத்துவர் வந்தார். அவருக்குப் பின்னால் ஏதோ ஒரு தம்பதி. எல்லாரும் உறையின் மேல்தான் வந்தார்கள். யாரோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என் முகவரியைப் பொதுச் சத்திரமாக்கிவிட்டார்கள்.

எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் முதல் மாடியில் இருக்கிறார். எதிரே ஒரே ஒருவர் இருந்தாலும் மைக் பிடித்த குரலில்தான் பேசுவார்.

"இது சாதாரண விஷயம் இல்ல சார். நாளைக்கே போலீஸ் வந்தா உங்க வீட்டு வாசல்லதான் நிப்பாங்க."

"மூணாவது மாடி சார். லிஃப்டும் ஓடல. ஏறி வர்றவங்களுக்குத்தான் கஷ்டம்."

அவர் சிரிக்கவில்லை. பெரிய மனிதர்கள் சிரிப்பதில்லை. 'உங்கள் முகவரி உங்கள் மானம்' என்று தலைப்பிட்ட முகவரிப் பதிவுத் துறையின் நோட்டீஸ் ஒன்றை என் கையில் திணித்தார். தெரியாத பெயரில் வரும் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது. உறையின் மேல் 'இப்பெயரில் இங்கு யாரும் இல்லை' என்று எழுதித் தபாலில் திருப்பிப் போட வேண்டும். மீண்டும் வந்தால் துறைக்குப் புகார் செய்ய வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து வரும் தொலைபேசியை எடுக்கவே கூடாது. இவ்வளவுதான் விதி.

நான் ஆயுள் முழுக்க அலுவலகத்தில் குறிப்பு எழுதியவன். என் குறிப்புகள்மேல் மேலதிகாரிகள் டம்ளர் வைத்தார்கள். நான் எழுதி ஒரு நாற்காலிகூட அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நகர்ந்ததில்லை. இந்த நாலு சொல் அப்படியில்லை. சிவப்பு மையில் எழுதிப் போட்டால் கப்பல் கம்பெனி போன இடம் தெரியவில்லை. பல் மருத்துவர் போனார். தம்பதியும் சேர்ந்தே போனார்கள். சங்கக் கூட்டத்தில் எனக்கு 'விழிப்புள்ள குடிமகன்' என்று சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் என் கதவு எண் தப்பாக இருந்தது. நான் பெரிதுபடுத்தவில்லை.

அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன்.

என் மனைவி இறந்த அடுத்த மாதமே அத்தான் இறந்தார். அக்கா ஒரு பெட்டியோடு வந்தாள். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்டா" என்றாள். நான் சரி என்றேன். உடன்பிறந்தவளை வாசலில் நிறுத்திப் பேசுகிற ஆள் இல்லை நான். பின்பக்க அறையை அவளுக்குக் கொடுத்தேன். அங்கேதான் துணி காயப்போடுவது வழக்கம் என்பதால் அவளே துணியையும் காயப்போட்டாள். சமையலறை பக்கத்திலேயே இருந்ததால் சமைத்தாள். ஒருவரைச் சும்மா உட்கார வைப்பது அவரை அவமதிப்பது என்று நினைப்பவன் நான்.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். ஆனால் அவள் போடும் தேநீரில் ஒரு சொட்டு கூடியதில்லை, குறைந்ததில்லை. கண் அறுவைக்கு அரசு மருத்துவமனையில் பதிந்திருந்தாள். தனியாக இருக்கும் முதியவர்களுக்கான குடியிருப்பில் ஓர் அறைக்கும் விண்ணப்பித்திருந்தாள். இரண்டு விண்ணப்பங்களையும் நிரப்பிக் கொடுத்தது நான்தான். முகவரிக்கு நேரே என் முகவரியை எழுதியதும் நான்தான். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் இம்மாதிரி வேலைகள் என்னிடம் வரும்.

"எனக்குன்னு ஒரு ரூம் கிடைச்சா போதும்டா" என்பாள். "கண்ணும் தெரிஞ்சிருச்சுன்னா நான் பாட்டுக்கு என் பாட்டைப் பாத்துக்குவேன். உனக்கும் தொந்தரவு இல்ல."

எனக்குத் தொந்தரவு என்று நான் எப்போதும் சொன்னதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தபால் பெட்டிகள் படிக்கட்டின் அடியில் இருக்கின்றன. சாவி என்னிடம். மாலையில் நான் மேலே ஏறி வரும் சத்தம் கேட்டதும் கேட்பாள்.

"எனக்கு ஏதாச்சும் வந்துச்சாடா?"

"இல்லக்கா."

"அந்த வீட்டு ஆபீஸ்ல இருந்து?"

"அரசாங்க வேலைக்கா. ஆமை வேகத்துலதான் நடக்கும்."

"ஆமையே இந்நேரம் மூணு மாடி ஏறியிருக்கும்டா."

வந்திருந்தது, ஐயா. முதலில் முதியோர் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து. உறையின் மேல் அவளுடைய முழுப்பெயர். அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கு அக்கா, என் மனைவிக்கு அண்ணி, கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கு மாடியம்மா. நான் அந்த உறையை வைத்துக்கொண்டு வெகுநேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். விதி என்ன சொல்கிறது? இங்கு இருப்பவர் பெயரில் வந்தால்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்கா இங்கு இருப்பவளா, வந்திருப்பவளா? கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போவதாக அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். விருந்தாளிக்கு ஏது முகவரி? சட்டம் தெரிந்தவர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். நான் யாரையும் கேட்கவில்லை. பேனாவை எடுத்தேன்.

அடுத்து கண் மருத்துவமனையிலிருந்து வந்தது. பிறகு மீண்டும் குடியிருப்பிலிருந்து. ஒருமுறை செய்ததை மறுமுறை மாற்றிச் செய்தால் முதல்முறை செய்தது தப்பு என்றாகிவிடும். எனவே மாற்றவில்லை. விதிப்படி துறைக்கும் எழுதினேன்: 'மேற்படிப் பெயருடைய பெண்மணி என் முகவரியை முறைகேடாகப் பயன்படுத்துவதாகத் தெரிகிறது.' அந்தப் பெண்மணி அப்போது என் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூலை நான்தான் கோத்துக் கொடுத்தேன்.

துறை வேகமாக நடவடிக்கை எடுத்தது. எனக்கே ஆச்சரியம். ஆய்வாளர் ஒருவர் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி, 'துறையின் சார்பாக' வணக்கம் சொல்லி, 'துறையின் சார்பாக' உட்கார்ந்தார். அக்கா சுவரைத் தடவிக்கொண்டு தேநீர் கொண்டுவந்தாள். அவர் ஏறிட்டுப் பார்த்தார்.

"இந்த அம்மா யாரு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். கஷ்டமே இல்லை, ஐயா. பார்க்கிறவருக்குச் சோறு மட்டும் தெரிந்தால் போதும் என்ற எண்ணம் இருந்தால் பூசணிக்காய் தானாக மறைந்துகொள்ளும்.

"வீட்டு வேலைக்கு வர்றவங்க" என்றேன்.

அக்கா தட்டை மேசையில் வைத்தாள். சத்தமே வரவில்லை. "சர்க்கரை போதுமா சார்?" என்று கேட்டாள்.

"போதும்மா."

"போதலன்னா சொல்லுங்க. இந்த வீட்டுல வாயத் தொறந்து கேட்டாத்தான் கிடைக்கும்."

ஆய்வாளர் சிரித்தார். துறையின் சார்பாக அல்ல, தன் சார்பாகவே. இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, இப்பெயரில் இங்கு யாரும் இல்லை என்று விசாரணையில் உறுதியானதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார்.

கதவைச் சாத்தியதும் அக்கா கேட்டாள். "நான் வேலைக்கு வர்றவளாடா?"

"அது ஒரு பேச்சுக்குக்கா. சொந்தம்னு சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

"சரி. வேலைக்கு வர்றவளுக்கு லீவு உண்டா?"

அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

வினை தபால்காரப் பெண்ணின் உருவத்தில் வந்தது. நல்ல பெண், கைக்கும் வாய்க்கும் ஓய்வு கொடுக்க மாட்டாள். எனக்கு ஏதோ பதிவுத் தபால், கையெழுத்து வேண்டும் என்று மேலே ஏறி வந்திருக்கிறாள். நான் வீட்டில் இல்லை. அக்கா கதவைத் திறந்து, தன் பெயரைச் சொல்லி, தனக்கு ஏதும் வந்ததா என்று கேட்டிருக்கிறாள்.

"நீங்களாம்மா அது? உங்க பேர்ல நெறைய வந்துச்சே. அப்படி யாரும் இல்லைன்னு சார் எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டாரே. நான்கூட நீங்க எறந்துட்டீங்களோன்னு நினைச்சேன்."

இதை அந்தப் பெண்ணே பிறகு என்னிடம் சொன்னாள். அக்கா அதற்கு, "நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்" என்றாளாம்.

அன்று மாலை வழக்கம்போல் தேநீர் வந்தது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தக் கவர் மேல என்னன்னுடா எழுதுவே?"

சொன்னேன்.

"எழுத்து நல்லா வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"வராம என்ன. உன் கையைப் புடிச்சு எழுதப் பழக்குனது நான்தானே."

அவ்வளவுதான் பேசினாள். காலையில் நான் எழுந்தபோது அடுப்பு குளிர்ந்திருந்தது. என் டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பெட்டியைக் காணவில்லை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியோடு மூன்று மாடி எப்படி இறங்கினாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மீதியை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். போகிற வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு குடியிருப்பு அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே பெயரைத் தட்டிப் பார்த்த குமாஸ்தா, "நீங்க சொல்ற விலாசத்துல இந்தப் பேர்ல யாரும் இல்லைன்னு விசாரிச்சு முடிச்சாச்சும்மா. உங்களுக்கு வந்த ரூமையும் வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. எதுன்னாலும் அந்த விலாசத்துல இருக்கிறவரைக் கூட்டிட்டு வாங்க" என்றிருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவரும் விதிப்படி நடந்தவர். அக்கா வெளியே வந்திருக்கிறாள். வாசலில் ஒரு படி அதிகமாக இருந்திருக்கிறது. தலையில் அடி.

மருத்துவமனையிலிருந்து என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்களாம். தெரியாத எண். நான் எடுப்பதில்லை. பிறகு ஆள் மூலம் கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். கொண்டுவந்தவர் லிஃப்ட் இல்லாததைப் பார்த்துவிட்டுப் பெட்டியிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். உறையின் மேல் 'அவசரம்' என்று இருந்தது. அதற்குக் கீழே, 'இவரின் உறவினருக்கு' என்று போட்டு அக்காவின் முழுப்பெயர்.

இப்போது பசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடிதங்களைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. நான் எதையும் பிரிக்கவில்லை. ஆவியில் காட்டினால் உறை தானாக வாயைத் திறந்துகொள்ளும். அக்கா தேநீருக்குக் கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டுப் பால் எடுக்கத் திரும்புவாள். அந்த நேரம் போதும். கெட்டிலுக்கு நேரே நான் நிற்பது அவளுக்குத் தெரியாது. குடியிருப்பில் அறை ஒதுக்கியாயிற்று என்பதையும், கண் அறுவைக்கு நாள் குறித்தாயிற்று என்பதையும் அவள் கொதிக்கவைத்த தண்ணீரில்தான் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். பிறகு பசை. பிறகு பேனா.

இந்தக் கடைசிக் கடிதத்துக்கு வெந்நீரை நானே வைக்க வேண்டியிருந்தது. அடுப்பைப் பற்றவைக்கவே நேரமாயிற்று. உள்ளே ஒரு பக்கம்தான். மண்டையில் இரத்தம் கட்டியிருக்கிறது; உடனே அறுவை செய்தால் பிழைப்பார்; உறவினர் கையெழுத்து வேண்டும். பிறகு இன்னொரு வரி: பிழைத்தாலும் இனி எந்த வேலையும் செய்ய இயலாது, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படும். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஒட்டினேன். எழுதினேன். கையெழுத்து வராததால் அறுவை நடக்கவில்லை, அக்கா பிழைக்கவில்லை என்றீர்கள். உங்கள் கையில் இருப்பது அந்த உறைதான். அது என் கையெழுத்துதான். வேறு யாருக்கும் 'இ' அவ்வளவு அழகாக வராது. வேண்டுமானால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அக்காவைப் பற்றி நான் அந்த நாலு சொல்லை எழுதியதில் அந்த ஒருமுறைதான் அது உண்மையாக இருந்தது.

ஏன் என்று கேட்கிறீர்கள். முகவரியின் தூய்மை, குடிமகனின் கடமை, துறையின் விதி என்று இவ்வளவு நேரம் சொன்னதை எல்லாம் நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தூக்கம் வருகிறது, உங்களுக்கும் வீடு வாசல் இருக்கும். கண் தெரிந்தாலும் அவள் போய்விடுவாள். அறை கிடைத்தாலும் போய்விடுவாள்.

எனக்குத் தேநீர் போடத் தெரியாது.