விட்டுவிட்ட ஏழு குணங்கள்

உன் அக்கா இப்போதெல்லாம் மாலை ஆறு மணிக்கு என்னோடு உட்கார்ந்து காபி குடிக்கிறாள், மச்சான். அவள் செடி செடி என்று குன்றிலேயே கிடந்த மூன்று வருடமும் நான் ஏங்கிய காபி அது. அவள் ஏன் இப்படி ஆகிவிட்டாள் என்று கேட்டாய். சொல்கிறேன்.

குன்றின் நடுச்சரிவில் அவள் கண்டெடுத்த நீலப்பூச் செடி உனக்குத் தெரியும். தனி இனம் என்றாள் அவள். உச்சியில் ஒரு வகைச் செடி, அடிவாரத்தில் இன்னொரு வகை, இரண்டுக்கும் பிறந்த கலப்பினம்தான் இது என்றது கல்குவாரித் தரப்பு. தனி இனமானால் சரிவு பிழைக்கும். அதைப் பார்த்துக்கொள்ள அவளும் அங்கேயே குடியேறிவிடுவாள். கலப்பினமானால் வெடி வைப்பார்கள்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியது என் புள்ளியியல். இருநூறு செடிகளில் பதினொரு குணங்களை அளந்து வந்து கொடுத்தாள். உச்சிச் செடியைப் போலிருந்தால் பூஜ்யம், அடிவாரச் செடியைப் போலிருந்தால் ஒன்று. கலப்பினம் நடுவில் விழும். இலை நீளம், காம்பு என்று நான்கு குணங்கள் நடுவில் விழுந்தன. பூ, விதை, மகரந்தம் என்று மற்ற ஏழும் எந்தப் பக்கமும் சேராமல், நடுவிலும் நிற்காமல், தனியே போய் நின்றன. அவள் சொன்னதுதான் சரி.

"என்னங்க, கணக்கு என்ன சொல்லுது?"

"இன்னும் முடியலம்மா."

"உங்க கணக்கு ஆமைதான். ஆனா பொய் சொல்லாத ஆமை."

நான் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை, மச்சான். அந்த ஏழு குணங்களைச் சேர்க்காமல் விட்டேன், அவ்வளவுதான். மீதி நான்கும் கலப்பினம் என்றன. அவள் சரிபார்க்கவில்லை. கட்டிக்கொண்டவனின் கணக்கை யார் சரிபார்ப்பார்கள்?

சரிவு இப்போது ஜல்லியாகிவிட்டது. அந்தச் செடி வேறெங்கும் இல்லை.

"மன்னிச்சிடுங்க. என் கண்ணே என்னை ஏமாத்திடுச்சு. உங்களையும் மூணு வருஷம் வீணா காக்க வச்சுட்டேன்" என்று என் மடியில் விழுந்து அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவள் தன் கண்ணை நம்புவதில்லை. சாலையைக் கடக்கும்போதுகூட, "வண்டி வருதா? நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்கிறாள். பார்த்துச் சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறேன்.

கல்யாணமான புதிதில்கூட அவள் என் கையை இவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.